இடது கார்னரிலிருந்து களத்தின் ஓரத்துக்கு: உசிலம்பட்டிப் பக்கத்துக் கபடி வீரர் ஒருவர் பயிற்சியாளரான நிகழ்வு

கபடியில் பெயர் எடுத்த வீரர் ஒருவர் ஆட்டத்தை விட்டதும், மறுநாளே அவர் கையில் ஒரு அணியைக் கொடுத்துவிடுவது நம் ஊர்களின் வழக்கம். இந்த நிகழ்விலும் அதுதான் நடந்தது. அதனால் என்ன ஆனது, பிறகு எப்படிச் சரியானது, எது இன்னும் சரியாகவில்லை என்பதை வரிசையாக எழுதியிருக்கிறேன். மதுரை மாவட்டத்தின் மேற்கே உள்ள ஒரு ஊரில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். பயிற்சி நடந்தது எங்கள் பள்ளி மைதானத்தில் என்பதால் பெரும்பாலானவற்றை நேரில் பார்த்திருக்கிறேன். வீரர், மாணவர், ஊர், அவர் ஆடிய துறை, அணி எதற்கும் பெயர் தரவில்லை.

பின்னணி

உசிலம்பட்டிக்கும் செல்லம்பட்டிக்கும் இடைப்பட்ட மானாவாரிப் பூமியில் பிறந்தவர். கிணற்றுப் பாசனம் இருக்கிற வீடுகளில் மல்லிகை, மற்ற வீடுகளில் கூலி வேலை. இவருடையது கூலி வீடு. கண்மாய்க் கரையை ஒட்டிய செம்மண் தரையில் ஆடத் தொடங்கினார். இந்தப் பக்கத்தில் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மின்னொளிக் கபடி நடக்காத ஊர் குறைவு. பையன்கள் பத்து வயதிலேயே விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்து விடிய விடிய ஆட்டம் பார்ப்பார்கள். பாதி ஆட்டம் அப்படிப் பார்த்தே பழகிவிடும்.

பள்ளி அணியிலிருந்து அரசு விளையாட்டு விடுதிக்குத் தேர்வானார். பிறகு மதுரையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, அதன் பின் ஒரு துறை அணியில் ஒப்பந்த வீரர். 2014-இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது இந்த ஆட்டத்தின் பொருளாதாரமே மாறியது. 2017-இல் தமிழ் தலைவாஸ் அணி சேர்ந்த பிறகு தென்மாவட்டங்களில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பையனாவது ஏலத்தில் தன் பெயர் வரும் என்று கனவு கண்டான். இவருக்கு அது பாதி பலித்தது. லீக் அணி ஒன்றில் இரண்டு பருவங்கள் இருந்தார். களத்தில் இறங்கியதைவிட மாற்று வீரர் இருக்கையில் இருந்ததே அதிகம்.

இவருடைய இடம் இடது கார்னர், அதாவது பிடிப்பவர்கள் வரிசையின் இடது ஓரம். உயரம் குறைவு, எடையும் அதிகமில்லை. பாய்ந்து தொடையைக் கட்டுவதோ மோதி வெளியே தள்ளுவதோ இவருக்குச் சரிப்படாது. கணுக்கால் பிடி ஒன்றை வைத்துக்கொண்டே பிழைத்தார். அதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முழங்கால் மடங்கி, கைகள் இரண்டும் தரையை ஒட்டித் தொங்க, விரல்கள் விரிந்திருக்கும். எதிரணியிலிருந்து பாடி வரும் ரைடர் கால் நீட்டி ஆசை காட்டும்போது இவர் உடம்பில் ஒரு அசைவும் இருக்காது. நீட்டிய காலின் குதிகால் தரையில் அழுந்தி, உடல் எடை அதன் மேல் வந்த அந்தக் கணத்தில் இரண்டு கைகளும் கணுக்காலைச் சுற்றியிருக்கும். எடை ஏறாத காலைப் பிடித்தால் ரைடர் உருவிக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். எடை ஏறிய காலை அப்படி உருவ முடியாது.

இவ்வளவு தெளிவாக இதை இங்கே எழுத முடிவதற்குக் காரணம், பிற்காலத்தில் அவரே இதைப் பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டார் என்பதுதான். ஆடிய காலத்தில் கேட்டால், "தோன்றும்போது பிடிப்பேன் சார்" என்பார்.

காயமும் அவசரமும்

செம்மண்ணில் கால் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். பெரிய போட்டிகளில் போடும் செயற்கை விரிப்பில் காலணி பற்றிக்கொள்ளும். பாதம் நின்ற இடத்தில் நிற்க, மேல் உடம்பு திரும்பினால் அந்தத் திருகலை முழங்கால்தான் வாங்க வேண்டும். ஒரு போட்டியில் ரைடரை மறிக்கத் திரும்பியபோது அவருக்கு அதுதான் நேர்ந்தது. முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் முன் தசைநார் அறுந்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. தொடையின் பின்புறத்திலிருந்து நாண் எடுத்துப் புதிய தசைநார் அமைக்கும் அறுவைச் சிகிச்சை நடந்தது.

இந்தச் சிகிச்சைக்குப் பிறகு, திரும்பித் திரும்பி ஓடும் ஆட்டங்களுக்கு ஒன்பது மாதத்துக்கு முன்னால் திரும்பக் கூடாது என்பதே இன்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. முன்கூட்டித் திரும்பினால் மறுபடி அறுபடும் ஆபத்து கூடும். வலி போய்விடுவதால் ஆறிவிட்டது என்று வீரர் நம்பிவிடுகிறார். உள்ளே வைத்த நாண் உடம்போடு சேர்ந்து உறுதிப்பட அதைவிட நெடுங்காலம் ஆகும். மருத்துவர் இவரிடமும் ஒன்பது மாதம் என்றுதான் சொன்னார். ஆனால் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் துறைகளுக்கு இடையிலான போட்டி வந்தது. ஆடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆடாதவர் பெயர் பட்டியலில் நிற்காது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆறாவது மாதத்தில் களம் இறங்கினார். இரண்டாவது ஆட்டத்தில் அதே முழங்கால் விலகியது. உள்ளே இருக்கும் சவ்வும் கிழிந்தது. அதோடு போட்டி ஆட்டம் முடிந்தது. அப்போது வயது 28.

தஞ்சாவூர் மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் 2016-இல் புரோ கபடியில் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். அவரும் கார்னர்தான். அந்த இடத்தில் ஆடுபவருக்கு அறிவும் பொறுமையும் முதிர முதிர மதிப்பு கூடும். இவருக்கு இருந்திருக்கக்கூடிய பத்து ஆண்டுகள் ஆறு மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடையில் போயின. இந்த நிகழ்வில் எனக்கு இன்னும் ஆறாத பகுதி இது.

முதல் பருவம்

ஊர் திரும்பியவர் தாய்மாமாவின் சரக்கு வேனில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மல்லிகை ஏற்றிச் செல்லும் வேலையில் சேர்ந்தார். வந்த மாதமே ஊர்ப் பெரியவர்கள் பையன்கள் அணியை அவரிடம் ஒப்படைத்தார்கள். சம்பளப் பேச்சே எழவில்லை. "நம் ஊர்ப் பிள்ளை, சொல்லித்தர மாட்டானா" என்பதோடு விஷயம் முடிந்தது.

அவர் செய்துகாட்டினார்; பையன்கள் பார்த்துச் செய்தார்கள். கீழே விழும் விதம், கை போகும் வேகம் எல்லாம் அச்சாக வந்தன. நேரம் மட்டும் வரவில்லை. ரைடர் ஆசை காட்ட நீட்டிய வெறுங்காலுக்கே கார்னர் பையன்கள் பாய்ந்தார்கள். "இப்போது பிடி" என்று அவர் களத்தின் ஓரத்திலிருந்து கத்துவார். அந்தச் சத்தம் காதில் விழுந்து பையன் அசைவதற்குள் குதிகால் எழும்பியிருக்கும். கத்தக் கத்த அவர்கள் இன்னும் முன்னதாகப் பாய்ந்தார்கள். மேலூர்ப் பக்கத்தில் நடந்த மின்னொளிப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்று வந்தபோது, வேனில் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

அடுத்த வாரம் ஒரு பையனைப் பார்த்து, "உன் வயதில் நான் இதைத் தூக்கத்தில் செய்வேன்" என்றார். அந்தப் பையன் மறுநாள் வரவில்லை. அவனைத் தொடர்ந்து சிலர் நின்றார்கள். பருவம் முடிவதற்குள் அவரும் வருவதை நிறுத்திக்கொண்டார்.

இதைத் திறமைக் குறைவு என்று சொல்லமாட்டேன். அவருக்குத் தெரிந்தது முழுக்க உடம்பில் இருந்தது. உடம்பில் இருப்பதை இன்னொருவருக்குத் தருவதென்றால் முதலில் அதைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு அவருக்கு யாரும் நேரமும் தரவில்லை, வழியும் காட்டவில்லை.

ஓரத்தில் உட்கார்ந்த காலம்

சில மாதங்கள் கழித்து, பள்ளிகளுக்கு இடையிலான குறுவட்டப் போட்டிக்குக் குறிப்பெடுக்க ஆள் தேவைப்பட்டது. அவரைக் கூப்பிட்டேன். ஸ்கோர் தாளோடு வெற்று நோட்டு ஒன்றையும் கொடுத்து, கார்னர்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் எழுதச் சொன்னேன். பயிற்சியாளர் பொறுப்பு எதுவும் இல்லாமல், வெற்றி தோல்வி பற்றிய கவலை இல்லாமல், அவர் கபடியைப் பார்த்தது அதுவே முதல் முறை என்று நினைக்கிறேன்.

அவரே கட்டம் போட்டார். இது ரைடர் அணியின் எத்தனையாவது காலி ரைடு, ரைடரின் எந்தக் கால் முன்னால், யார் முதலில் அசைந்தது, முடிவு என்ன. அந்தப் போட்டிக்குப் பிறகும் விடவில்லை. வாடிப்பட்டி, திருமங்கலம், மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானம் என்று எங்கே ஆட்டம் நடந்தாலும், சந்தையில் பூவை இறக்கிவிட்டு வேனோடு போய்விடுவார். பூ வாசம் அடிக்கும் அந்த நோட்டுகளை நான் பல முறை புரட்டியிருக்கிறேன். கையெழுத்து கிறுக்கல்தான். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் ஆட்டம் இருக்கும்.

அவருக்குப் புலப்பட்டது இதுதான். ஒரு அணி தொடர்ந்து இரண்டு முறை புள்ளி எடுக்காமல் திரும்பினால், மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ரைடர் வெளியேற வேண்டும். முதல் இரண்டு ரைடுகளில் பிடிப்பவருக்கு அவசரமே இல்லை. முப்பது விநாடி ஓடினால் அவருக்குத்தான் லாபம். மூன்றாவதில் ரைடர் தானாகவே ஆழமாக வருவார், காலை ஊன்றுவார். நம் பக்கத்துப் பையன்கள் விட்ட புள்ளிகளில் பெரும்பகுதி, அசையவே தேவையில்லாத முதல் இரண்டு ரைடுகளில் போயிருந்தது. பிடிக்கும் அணியில் ஆறு அல்லது ஏழு பேர் களத்தில் இருக்கும்போது, போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைக்கும் ரைடருக்குக் கிடைக்கும் போனஸ் புள்ளிக்குப் பயந்து கார்னர் முன்னால் வருகிறான். போனஸோடு தொடுபுள்ளியும் சேர்ந்து போகிறது.

"நான் இப்படித்தான் சார் ஆடியிருக்கிறேன். எனக்கே இப்போதுதான் தெரிகிறது" என்றார். அதன் பிறகு பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பை முடித்தார். செலவுக்கு மனைவியின் நகை அடகுக்குப் போனது. உடற்பயிற்சி அறிவியல், பயிற்சிச் சுமை, பயிற்சித் திட்டம் எழுதுவது ஆகியவை அங்கே கிடைத்தன. ஆனால் பயிற்சியாளர் உருவானது அந்த நோட்டுகளில்தான் என்பது என் முடிவு.

இரண்டாம் முறை எடுத்த முடிவுகள்

திரும்பி வந்தபோது முதலில் பிடியை நிறுத்தினார். பிடி ஆட்டக்காரர்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ரைடரின் முன்காலைப் பார்த்துக் கால் மாற்றி மட்டும் நகர வேண்டும். குதிகால் அழுந்தும்போது "ஊன்று" என்று சொல்ல வேண்டும். சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் அடுத்த கட்டத்தில் கை அவிழும். பையன்களுக்குச் சலிப்பு. "பிடிக்காமல் என்ன கபடி?" என்று பெற்றோரும் கேட்டார்கள். அவர் அசையவில்லை. முதல் பருவத்தில் தான் கத்திய நேரத்தைப் பையன் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

பயிற்சியை மாலைக்கு மாற்றியதும் அவர்தான். பங்குனி முதல் ஆனி வரை மல்லிகை நன்றாகப் பூக்கும் காலத்தில் இந்த ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் விடியும் முன்பே தலையில் விளக்கோடு பூப்பறிக்கப் போகிறார்கள். அதை முடித்து, காலைப் பயிற்சிக்கும் வந்து, பிறகு பள்ளிக்கும் போகிறவன் உடம்பு எப்போது தேறும்? அவர் பையன்களிடம் முதலில் கேட்டது எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்பதைத்தான். பூச்சந்தைக்கு ஓடியவர் என்பதால் இந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

வயதுப் பிரிவுகளுக்கு எடை வரம்பு உண்டு. எடை பார்க்கும் நாளுக்கு முந்தைய இரவு தண்ணீர் குடிக்காமல், வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடி எடையைக் குறைப்பது பல அணிகளில் சாதாரணம். அதை முழுவதுமாகத் தடுத்தார். ஒரு நல்ல ரைடர் எடை தாண்டியதால் ஒரு தேர்வுக்கே போக முடியவில்லை. அவன் அப்பா பயிற்சியாளரோடு பல நாள் பேசவில்லை.

எதிர்ப்பு அதிகம் வந்தது மின்னொளிப் போட்டி விஷயத்தில். ஒரே இரவில் நான்கைந்து ஆட்டம், இடையில் குளிர்ந்த தரையில் உட்கார்ந்திருப்பது, விடியற்காலையில் இறுதிப் போட்டி. வளரும் முழங்காலுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஓர் இரவில் இரண்டு ஆட்டத்துக்கு மேல் இறக்க மறுத்தார்.

திருவிழா இரவு

இந்த முடிவுகளுக்கான சோதனை சொந்த ஊர்த் திருவிழாவில் வந்தது. அணியின் முதல் ரைடர் பதினோராம் வகுப்பு மாணவன். சுற்றுவட்டாரமே அவனைப் பார்க்கத்தான் வரும். மூன்று நாள் முன்பு பயிற்சியில் காலைத் தரையில் வைக்கும்போது முகம் சுளித்தான். பயிற்சியாளர் அவனை உட்காரவைத்து, இரண்டு முழங்கால்களையும் சேர்த்து நீட்டச் சொல்லி, உள்ளங்கையால் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். ஒன்று சூடாகவும் லேசாக வீங்கியும் இருந்தது. பையன், "வலியே இல்லை அண்ணே" என்றான். அவர் ஆட்டப் பட்டியலில் அவன் பெயரை எழுதவில்லை.

திருவிழா அன்று மாலை ஊர்ப் பெரியவர் ஒருவர் மைதானத்துக்கே வந்தார். "தம்பி, வெளியூர்க்காரன் எல்லாம் வந்து நிற்கிறான். நம் பையனை ஓரத்தில் உட்காரவைத்தால் ஊர் மானம் என்ன ஆகும்? ஒரே ஒரு ஆட்டம் இறக்கு, போதும்" என்றார்.

"வீங்கிய காலோடு நான் ஆடியிருக்கிறேன் பெரியப்பா. அன்றைக்கு என்னை யாராவது உட்காரவைத்திருக்க வேண்டும்" என்று பதில் சொன்னார் பயிற்சியாளர்.

பெரியவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அணி அரையிறுதியில் தோற்றது. ஒலிபெருக்கியில் பயிற்சியாளர் பெயரைச் சொல்லாமலே சில வார்த்தைகள் வந்து விழுந்தன. அவர் அந்த இரவு முழுவதும் பையன்களோடு அங்கேயே இருந்தார்.

பின்விளைவுகள்

மதுரையில் எடுத்த ஸ்கேனில் பையனுக்கு முழங்கால் சவ்வில் சிறிய கிழிசல் இருப்பது தெரிந்தது. தசைநார் முழுமையாக இருந்தது. அறுவைச் சிகிச்சை தேவையில்லை. ஓய்வும் தொடைத் தசைகளுக்கான பயிற்சியும் போதும் என்றார் மருத்துவர். திரும்பும் நாளை நாட்காட்டி பார்த்து முடிவு செய்யவில்லை. இரண்டு கால்களாலும் தனித்தனியே நொண்டியடித்துத் தாண்டும் தூரம் ஏறக்குறையச் சமமாக வரும்வரை பயிற்சியாளர் காத்திருந்தார். அடுத்த பருவத்தில் ஆடிய அந்தப் பையன் இன்று கல்லூரி அணியில் இருக்கிறான். அன்று ஆடியிருந்தால் முழங்கால் நிச்சயம் போயிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. தெரியாத ஒன்றைப் பணயம் வைக்க மறுத்தார் என்பதே அந்த முடிவின் பெருமை.

பிடி ஆட்டம் மெதுவாகத்தான் மாறியது. கையைக் கட்டிப் பழகிய பையன்கள் முதல் சில போட்டிகளில் பிடிக்க வேண்டிய இடத்திலும் நின்றுவிட்டார்கள், தோல்விகள் வந்தன. பிறகு மூன்றாவது ரைடுக்காகக் காத்திருப்பது அணியின் குணமாகவே ஆனது. களத்தில் மூன்று பேர் மட்டும் எஞ்சியிருக்கும்போது பிடித்தால் கூடுதல் புள்ளி கிடைக்கும் அல்லவா, அந்த நிலையில் இவர்கள் பதறாமல் நிற்பதைப் பார்த்து வெளியூர்ப் பயிற்சியாளர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். இரண்டு பையன்கள் விளையாட்டு விடுதிக்குத் தேர்வானார்கள். இருவரும் கார்னர்.

பயிற்சியாளருக்கோ வருமானம் இல்லை. நகை மீட்கப்படவில்லை. குழந்தை பிறந்த பிறகு வேன் வேலையையும் மாலைப் பயிற்சியையும் சேர்த்து இழுக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலைகளில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அது பதக்கத்தையும் சான்றிதழையும் கணக்கில் எடுக்கிறது, நோட்டுகளை எடுக்காது. கடைசியில் வேறு மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்று மாதச் சம்பளத்துக்கு அழைத்தது. போய்விட்டார். போகும்போது நோட்டுகளைத் தன் மூத்த மாணவன் ஒருவனிடம் கொடுத்தார். இப்போது அணியைப் பார்ப்பவன் அவன்.

மாற்ற வேண்டியவை

ஆட்டத்திலிருந்து வருபவரை ஒரு பருவமாவது இன்னொரு பயிற்சியாளரின் துணையாகவோ குறிப்பெடுப்பவராகவோ அமர்த்த வேண்டும். இவருக்கு அந்த இடைக்காலம் ஒரு தோல்விக்குப் பிறகு, தற்செயலாகக் கிடைத்தது. அதற்குள் நின்றுபோன பையன்களில் பெரும்பாலானோர் திரும்பவே இல்லை.

யார் ஆடுவது, யார் ஓய்வெடுப்பது என்ற முடிவு பயிற்சியாளருடையது என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே ஊர்க் கூட்டத்தில் பேசி எழுதிவைக்க வேண்டும். திருவிழா மாலையில், கூட்டம் கூடிய பிறகு பேசுகிற பேச்சு அல்ல அது. இப்போது எங்கள் ஊரில் அப்படி எழுதியிருக்கிறது. அன்று மைதானத்துக்கு வந்த அதே பெரியவர்தான் முதல் கையெழுத்துப் போட்டார். வீங்கிய காலோடு வரும் பையனை ஸ்கேனுக்கு அழைத்துப் போக ஒரு சிறு நிதியும் அதில் சேர்ந்திருக்கிறது.

சம்பளம் பேசாமல் யாரிடமும் அணியைத் தரக் கூடாது. திருவிழாப் பரிசுத் தொகைக்கு ஊர் வசூலிக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் புதிய பயிற்சியாளருக்கு மாத ஊதியமாகத் தருவது என்று முடிவாகியிருக்கிறது. தொகை போதாது. ஆனாலும் மாதம் தவறாமல் தரப்படுகிறது.

பெண் பிள்ளைகளுக்கு இவ்வளவு நடந்தும் எதுவும் செய்யப்படவில்லை. பெண்கள் கபடி 2010-இலேயே ஆசிய விளையாட்டுக்குள் வந்துவிட்டது. எங்கள் பள்ளியில் மாலையில் ஓரமாக நின்று பயிற்சியைப் பார்க்கிற மாணவிகள் இருக்கிறார்கள். ஆண்களுக்கான 13-க்கு 10 மீட்டர் களத்துக்குப் பக்கத்திலேயே 12-க்கு 8 மீட்டரில் இன்னொரு களம் போட இடம் இருக்கிறது. மண் கொட்டிச் சமப்படுத்தும் வேலையை இந்தக் கோடை விடுமுறையில் முடிக்கப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் ஒப்புதல் வாங்கியிருக்கிறேன்.